தமாக்சிஃபென்

மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் தடுப்பு மாத்திரை. 1962இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வகத்தில் டோரா ரிச்சர்ட்சன் இதை உருவாக்கினார். கருத்தடைக்கென்று தேடிய மருந்து, அதற்கு உதவவில்லை. 1973இல் பிரிட்டனில் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கான ஏற்பி உள்ள கட்டிகளுக்கே பயன்படும்: ஏற்பியில் தான் அமர்ந்துகொண்டு ஈஸ்ட்ரோஜனுக்கு இடம் விடாது. வழக்கமான அளவு நாளுக்கு 20 மில்லிகிராம். 5 ஆண்டுகள், சிலருக்கு 10. நோய் தெரிந்த அதிர்ச்சி அடங்குமுன்பே இத்தனை ஆண்டு மாத்திரையா என்ற மலைப்பு எழும், அது இயல்பு. திடீர் உடல் கொதிப்பு, இரவு வியர்வை, தூக்கமின்மை பலருக்கு வரும். வாய்மூடிப் பொறுக்கவும் வேண்டாம், தாமாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், தணிக்க வழியுண்டு. மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு, ஒரு காலில் வீக்கம், மூச்சுத்திணறல் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.