சொல் பிறந்த இடமும் சொல் புழங்கிய இடமும்: நெய்வேலி வழியே நவீனத் தமிழ்க் கலைச்சொற்களின் வரலாறு

நெய்வேலியில் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்கள். பாடநூலிலும் நாளிதழிலும் ‘பழுப்பு நிலக்கரி’. ஷிப்ட் முடிந்து பேருந்துக்கு நிற்பவர் வாயில் ‘லிக்னைட்’. எழுதும்போது ‘அனல்மின் நிலையம்’, பேசும்போது ‘தெர்மல்’. சுரங்கத்துக்குள் பக்கெட் வீல், கன்வேயர், ஸ்ப்ரெடர் என்று இயந்திரப் பெயர்கள் எல்லாம் வந்தபடியே நிற்கின்றன. அதே தொழிலாளி மாலையில் சங்கக் கூட்டத்துக்குப் போனால் பணி நிரந்தரம், ஒப்பந்தத் தொழிலாளர், இழப்பீடு, மறுவாழ்வு என்று தடையில்லாமல் தமிழில் பேசுகிறார். இவையும் சென்ற நூற்றாண்டில் பரவிய நவீன வழக்குகள்தாம். ஒரு தொகுதி வேர்பிடித்து இன்னொரு தொகுதி ஏட்டோடு நின்றது எப்படி? ஆக்கிய சொல்லின் அழகைவிட, அது எந்த இடத்தில் யாருக்காக ஆக்கப்பட்டது என்பதே அதன் ஆயுளை முடிவு செய்தது என்பது என் கருத்து.

இதற்குச் சீன மொழியின் வரலாறு நல்ல ஒப்பீடு. ஷாங்காயில் 1865இல் ஜியாங்நான் ஆயுதத் தொழிற்சாலை எழுந்தது. 1868இல் அதற்குள்ளேயே மொழிபெயர்ப்பு நிலையம் திறக்கப்பட்டது. ஆங்கிலேயரான ஜான் ஃபிரையர் நூலைப் படித்து வாய்மொழியாகச் சீனத்தில் சொல்ல, ஷூ ஷோ போன்ற அறிஞர்கள் அதைத் திருத்தமான நடையில் எழுதினார்கள். தனிமங்களுக்கு ஒவ்வோர் எழுத்தாக வகுத்து, உலோகமானால் உலோகக் குறியை அதில் சேர்க்கும் முறை அங்கே உருப்பெற்றது. பின்னர் ஜப்பானியர் சீன எழுத்துகளைக் கொண்டு ஆக்கிய சமூகம், பொருளாதாரம், தத்துவம் முதலியவற்றுக்கான சொற்கள், ஜப்பானில் படித்துத் திரும்பிய மாணவர்களோடு சீனத்துக்குள் வந்தன. ‘சமூகவியல்’ என்பதற்குச் சீன மொழிபெயர்ப்பாளர் யென் ஃபூ உருவாக்கிய சொல் செம்மையானதுதான். இருந்தும் ஜப்பான் வழி வந்ததே நிலைத்தது. லிக்னைட்டுக்குச் சீனர் இன்று சொல்லும் ‘ஹெமெய்’ என்பதற்கும் பழுப்பு நிலக்கரி என்றே பொருள்.

தமிழிலும் அப்படியோர் இடம் இருந்தது. அது யாழ்ப்பாணத்து மானிப்பாய். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்தார். அங்காதிபாதம், இரண வைத்தியம் என்று நூல்கள் வந்தன. முதலில் தமிழில் தேடுவது, பிறகு வடமொழியில், கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இணக்குவது என்பது அவர் முறை. 1875இல் வெளியான அவருடைய வேதியியல் நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’. ஜப்பானியரும் ஒருகாலத்தில் டச்சுச் சொல்லின் ஓசையை வைத்து இத்துறையைச் ‘செய்மி’ என்றனர். பிறகு சீனத்தில் ஆக்கப்பட்ட சொல்லுக்கு மாறினார்கள். நம்மிடம் கெமிஸ்தம் போய் இரசாயனம் வந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அதுவும் போய் வேதியியல் வந்தது. இலங்கைப் பள்ளிகளில் இரசாயனவியல் இன்றும் இருக்கிறது.

அடுத்த கட்டம் தமிழ்நாட்டில். 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் சொற்களுக்கென ஒரு சங்கம் தொடங்கி இதழும் நடத்தினார்கள். 1934இல் திருநெல்வேலியில் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ. மு. சுப்பிரமணிய பிள்ளையின் அயராத உழைப்பால், ஏறத்தாழ 10,000 சொற்கள் கொண்ட ‘கலைச்சொற்கள்’ நூலை 1938இல் கொண்டுவந்தது. இந்தியாவெங்கும் பொதுவான சொற்களையே பள்ளிகளில் வைக்கலாம் என்ற அரசுத் தரப்பை, 1940இல் கலைச்சொற்களுக்காகச் சீனிவாச சாஸ்திரி குழு அமைந்த வேளையில் தமிழறிஞர்கள் எதிர்த்து நின்றார்கள். அந்த எதிர்ப்பு இல்லையென்றால் நம் பிள்ளைகளின் பாடநூல் இன்று வேறு முகத்தோடு இருந்திருக்கும். ஆனால் இந்தப் பணி முழுவதும் வகுப்பறையை நோக்கியது. தமிழ் பேசும் கொதிகலன் இயக்குநர் ஒருவர் அந்த அவைகளின் கண்முன் இல்லை.

அவர் வந்தது பின்னால். 1930களின் நடுவில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் மேலே வந்தது. 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டுப் பார்த்துப் படிவத்தின் பரப்பைக் கணித்தது. சுரங்கத்தை நடத்தும் நிறுவனம் பதிவானது 1956 நவம்பர் 14. அதே ஆண்டின் இறுதியில்தான் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. இரண்டும் ஒரே பருவத்தில் பிறந்தும் ஒன்றையொன்று தொடவில்லை. நெய்வேலி நிறுவனம் மத்திய அரசுடையது. மாநிலச் சட்டம் அதன் கோப்புகளுக்குச் செல்லாது. 1957 மே 20இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். பூமியைச் சுரண்டும் ராட்சத இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. 1962இல் மின்சாரம் தரத் தொடங்கிய நிலையம் சோவியத் உதவியுடன் எழுந்தது. ஜெர்மானியரோடும் ரஷ்யரோடும் பேச ஆங்கிலமே பாலமாயிற்று. ஷாங்காயில் தொழிற்சாலைக்குள் இருந்த மொழிபெயர்ப்பு மேசை நெய்வேலியில் போடப்படவில்லை. ‘சுழலி’யும் ‘மின்னாக்கி’யும் அகராதியில் தயாராக இருந்தும், இயந்திரத்தின் அருகே அவற்றை எடுத்துச்சொல்ல ஆளில்லை.

நிலம் சார்ந்த சொற்களின் கதை வேறு. உழவரிடம் நிலம் கேட்க வேண்டும், அறிவிப்பு கொடுக்க வேண்டும். அவர் மறுத்துப் பேச வேண்டும், வழக்காட வேண்டும். நிலமெடுப்பு, கையகப்படுத்தல், வாழ்வாதாரம் என்பவை அந்தப் பேச்சில் தேய்ந்து மெருகேறின. 2023 ஜூலையில் சுரங்க விரிவாக்கத்தை ஒட்டிய பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவி கிராமத்தில் பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கியபோது, எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிக்கும் ‘இழப்பீடு’ என்ற சொல் சொந்தச் சொல்லாக இருந்தது. எந்தக் கழகமும் அதை அவருக்குக் கற்றுத்தரவில்லை. நகரியத்திலும் இப்படி ஒன்று உண்டு: குடியிருப்புப் பிரிவுகளை நெய்வேலிக்காரர்கள் ‘வட்டம்’ என்கிறார்கள். தமிழ்நாட்டின் மற்ற இடங்களில் வட்டம் என்றால் தாலுகா. தபால் முகவரியில் நாள்தோறும் எழுதியதால் ‘பிளாக்’ என்பதற்கு இணையாக இது நின்றுவிட்டது.

ஆகவே கலைச்சொல் ஆய்வு அகராதிப் பட்டியல்களோடு நிற்கக்கூடாது. சுரங்கம் தொடங்கிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று மிக முதிர்ந்தவர்கள். மேல்மண் சரிவதற்கும், அடிநீரின் அழுத்தத்துக்கும், கரியின் ஈரத்துக்கும் அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டவற்றை மந்தாரக்குப்பத்திலும் வடலூரிலும் வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்த்துறை மாணவரும் சுரங்கப் பொறியாளரும் சேர்ந்து செல்லும் பணியாக அது இருந்தால், மானிப்பாயில் நடந்தது இங்கும் நடக்கும்.