ஆக்லாந்து குளிர்காலத்தில் கரி அடுப்பு

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை குளிர்காலம். ஜூலைப் பகலில் வெப்பநிலை 15 பாகை செல்சியஸை ஒட்டியிருக்கும். பனி பொழிவது மிக அரிது. 2011 ஆகஸ்டில் சில துகள்கள் விழுந்ததே பெரிய செய்தியாயிற்று. ஆகவே வீட்டுத் தோட்டத்துக் கரி அடுப்பை, அதாவது பார்பிக்யூவை, குளிருக்குப் பயந்து மூட்டைகட்டத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது ஈரத்தை. வைட்டமாட்டா, மனுகாவ் என இரு துறைமுகங்களுக்கு நடுவே அமைந்த நகரம் இது. மழை அதிகம் பெய்வதும் இந்த மாதங்களில்தான். காற்றில் கடல் உப்பும் கலந்திருக்கும்.

பரவலாகப் புழங்கும் உருண்டை வடிவ மூடியடுப்பை 1952இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் ஜார்ஜ் ஸ்டீபன் உருவாக்கினார். காற்றையும் மழையையும் தடுக்கவே அதற்கு மூடி வந்தது. குளிர்காலச் சமையலின் அடிப்படையும் அந்த மூடிதான். அடிக்கடி திறந்தால் சூடு போய்விடும். மேல் துளையை முழுதும் திறந்துவைத்து, கீழ்த் துளையால் தணலைக் கூட்டிக் குறைப்பது நல்லது. தென்மேற்குக் காற்று வீசும் நாளில் அடுப்பை மறைவாக வைக்க வேண்டும்; ஆனால் மரச்சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. ஜூனில் மாலை 5 மணியைத் தாண்டியதும் இருட்டிவிடுவதால், கரியை முன்கூட்டியே பற்றவைப்பது வசதி.

கரி ஈரத்தை உறிஞ்சும். நமத்த கரி புகையும், எளிதில் பற்றாது. மானுகா போன்ற மரத்தின் கரியை உலர்த்தி மீண்டும் எரிக்கலாம். மாவுப்பசை சேர்த்து அழுத்திய கரிக்கட்டிகள் நன்றாக நனைந்தால் உதிர்ந்துவிடும். பையைத் திறந்ததும் மூடியுள்ள வாளிக்கு மாற்றுவதே சரி.

அடுப்பைக் கெடுப்பதில் முதலிடம் சாம்பலுக்கு. அதிலுள்ள பொட்டாசியம் உப்புகள் ஈரத்தை இழுத்துக் காரக் குழம்பாகி, அடிப்பகுதியில் ஒட்டி உலோகத்தை அரிக்கும். எனாமல் பெயர்ந்த இடத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும். ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும், சாம்பல் முற்றிலும் ஆறியதும், சுரண்டி எடுத்துவிட வேண்டும். மற்றப் பராமரிப்பையெல்லாம்விட இதுவே அடுப்பின் ஆயுளைக் கூட்டும். சாம்பலுக்குள் தணல் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே மூடியிட்ட உலோக வாளியில்தான் கொட்ட வேண்டும், பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் ஒருபோதும் கூடாது.

வார்ப்பிரும்புக் கம்பிகளைச் சூடாக இருக்கும்போதே தேய்த்து, தோசைக்கல்லைப் பழக்குவதுபோல் மெல்லிய எண்ணெய் பூசிக் காயவிடலாம். மூடியின் உட்புறம் செதில்செதிலாக உரிவது வண்ணப்பூச்சு அல்ல, கரிந்த கொழுப்பு, துலக்கினால் போய்விடும். மழையுறை போடுமுன் அடுப்பு ஆறி உலர்ந்திருக்க வேண்டும். உறைக்குள் ஈரம் அடைபட்டால் கம்பியில் பூஞ்சை படரும். மழையில்லாத நாளில் உறையைக் கழற்றிக் காற்றோட்டம் தர வேண்டும்.

மழை வலுக்கும்போது அடுப்பைக் கராஜுக்குள் தள்ளத் தோன்றும். அது உயிருக்கு ஆபத்து. கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. அணைந்ததுபோல் தெரியும் தணலும் அதை வெளியிடும். கதவைத் திறந்துவைப்பது போதாது. தலைவலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே எல்லோரும் வெளியேறி, 111 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.