ஓக் பார்க்கில் குடியேறிய கதை

ஊர்விட்டு ஊர் வந்து பிழைப்போர்க்கு உத்தியோகத்திற்கு அடுத்த கவலை வீடுதான். இச்சங்கத்து அன்பர்களுள் வாடகைக்கு இடம் தேடி அலைந்தவர்கள், பெயர், ஊர், உண்ணும் உணவு ஆகியவற்றை நயமாக விசாரித்துவிட்டு, "இடம் நேற்றே பேசி முடிந்துவிட்டதே" என்று கூறிய வீட்டுக்காரர் ஒருவரையேனும் சந்தித்திருப்பர். (நம்மவரிலும் சொந்த வீடு கட்டியபின் அதே வினாக்களைக் கேட்போர் உளர் என்பதை மறைப்பதற்கில்லை.) இவ்வினாவே அமெரிக்க நகரங்களைக் கறுப்பர் பகுதி, வெள்ளையர் பகுதி என இரண்டாகப் பிளந்தது. அப்பிளவை எதிர்த்து நின்ற ஒரு புறநகரின் வரலாற்றை ஈண்டுக் கூற விரும்புகிறோம்.

சிகாகோ நகரின் மேற்கு எல்லையை ஒட்டியது ஓக் பார்க். நகரின் நடுவிலிருந்து உயர்பாதையில் ஓடும் மின்சார ரயில் அவ்வூர்வரை செல்கிறது. எழுத்தாளர் ஹெமிங்வே பிறந்ததும், கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் பல வீடுகளை அமைத்ததும் இவ்வூரில்தான். 1950ஆம் ஆண்டில் பெர்சி ஜூலியன் என்னும் ரசாயன மேதை இங்கு ஒரு பெரிய வீட்டை விலைக்கு வாங்கினார். அடிமைகளாக இருந்தோரின் பேரர் அவர். வியன்னாவில் டாக்டர் பட்டம் பெற்றவர். கண் நோய்க்குரிய மருந்தொன்றை 1935இல் செயற்கை முறையில் ஆக்கிக் காட்டியவர். சோயா மொச்சையிலிருந்து ஹார்மோன்களை மலிவாக எடுக்க வழி கண்டவர். இத்தனையும் அவருடைய தோலின் நிறத்தை மறைக்கப் போதவில்லை. குடிபுகு முன்பே, 1950 நவம்பரில், அவ்வீட்டுக்குத் தீயிட முற்பட்டனர். மறு ஆண்டு ஜூனில், பெற்றோர் வெளியூர் சென்றிருந்த இரவில், குழந்தைகளின் படுக்கையறைக்கு வெளியே டைனமைட் வெடித்தது. ஜூலியன் அசையவில்லை. துப்பாக்கியுடன் மகனை அருகில் வைத்துக்கொண்டு இரவுகளில் தாமே காவல் இருந்தார். ஊரில் வேறு சிலர் கூடி அவருக்கு ஆதரவாக நின்றனர் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அடுத்த மாதமே, ஓக் பார்க்கின் தென்புறத்தை ஒட்டிய சிசரோவில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. கறுப்பின பஸ் டிரைவர் ஒருவர் தம் குடும்பத்துக்காக ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இடம் பிடித்தார். ஆயிரக்கணக்கானோர் திரண்டு கட்டடத்தையே சூறையாடினர். மாநில ஆளுநர் படையை அனுப்ப நேர்ந்தது. பின்னர் கூடிய நீதிக் குழு குற்றஞ்சாட்டியதோ கலகக்காரர்களை அன்று; வாடகைக்கு விட உதவியவர்களையும் அக்குடும்பத்திற்காக வாதாட வந்த வக்கீலையும்! அக்குற்றச்சாட்டுகள் பிற்பாடு விழுந்துவிட்டன.

நிற்க. கலகம் செய்தவர்கள் ஒரு புறம் இருக்க, கலகமின்றியே காரியத்தை முடித்தவர்கள் வீட்டுத் தரகர்கள். ஆஸ்டின் என்பது ஓக் பார்க்கின் கிழக்கே, ஒரே ஒரு சாலைக்கு அப்பால் உள்ள சிகாகோப் பகுதி. தெருவில் ஒரு கறுப்பினக் குடும்பம் வந்தவுடன் தரகர் வெள்ளையர் வீடுகளின் கதவைத் தட்டுவார். "விலை விழுமுன் விற்றுவிடுங்கள்" என்பார். அச்சத்தில் அடிமாட்டு விலைக்கு விற்றதை, வங்கிக் கடன் கிட்டாத கறுப்பினத்தவருக்குப் பன்மடங்கு லாபத்தில், தவணை ஒன்று தவறினால் வீடே போய்விடும் ஒப்பந்தத்தில் விற்பார். வங்கிக் கடன் ஏன் கிட்டவில்லை? கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை 1930களில் அரசாங்க நிறுவனமே வரைபடத்தில் சிவப்பு வண்ணமிட்டு, 'ஆபத்தானவை' என ஒதுக்கிவைத்ததுதான் காரணம். விளைவாக, 1960இல் ஏறக்குறைய முழுவதும் வெள்ளையர் வாழ்ந்த ஆஸ்டினில், 1970இல் மூன்றில் ஒரு பங்கினரும், 1980இல் முக்கால் பங்கினரும் கறுப்பினத்தவர். இரு சாராரும் சேர்ந்து வாழ்ந்தது, ஒரு சாரார் வெளியேறி முடியும் வரையில்தான்.

இந்த அலை சாலையைத் தாண்டினால் தங்கள் ஊரின் கதியும் அதுவே என்பதை ஓக் பார்க்கினர் கண்ணெதிரே கண்டனர். அதற்கு முன்பே ஊரின் மனச்சாட்சி உறுத்தப்பட்டிருந்தது. 1963இல் உள்ளூர் இசைக் குழுவில் கறுப்பினப் பெண் ஒருவர் வயலின் வாசிப்பதற்குத் தடை எழுந்தபோது, குழுவை நடத்திய மில்டன் பிரெவ்ஸ் பதவியைத் துறந்தார். 1968 ஏப்ரல் 4இல் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு இறந்தார். ஒரு வாரத்தில் நாடு தழுவிய வீட்டுரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. மே மாதத்தில் ஓக் பார்க்கும் தனக்கெனத் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டது.

ஆனால் சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே இருப்பவரை ஓடாமல் நிறுத்துமா? 1970இல் அவ்வூரின் 62 ஆயிரத்துச் சொச்சம் மக்களில் கறுப்பினத்தவர் இருநூறு பேர்கூட இல்லை. இந்நிலையில்தான் ராபர்ட்டா ரேமண்ட் என்னும் பெண்மணி 1972இல் ஒரு தேவாலயத்தில் வீட்டு வசதி மையம் தொடங்கினார். அச்சத்தின் வேரை அறுப்பதே இந்த மையமும் ஊராட்சியும் கண்ட வழி. வீட்டு வாசல்களில் 'விற்பனைக்கு' என்னும் பலகை வைத்தல் தடுக்கப்பட்டது. ஒரு தெருவில் நான்கு பலகைகள் தோன்றினால் ஐந்தாமவர் நடுங்குவார் அன்றோ? 1977இல் வேறோர் ஊரின் வழக்கில் நாட்டின் உச்சநீதிமன்றம் இத்தகைய தடை பேச்சுரிமைக்கு முரண் என்றது. தீர்ப்பை எழுதியவர் அம்மன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல்! ஓக் பார்க்கின் தரகர்களோ அதற்குப் பின்னும் பலகை வைக்காமலே விற்றுவந்தனர். 1978இல், ஐந்து ஆண்டுகளுக்குப்பின் வீட்டை நட்டத்தில் விற்க நேர்ந்தால் நட்டத்தில் நூற்றுக்கு 80 பங்கை ஊரே ஈடுசெய்யும் என்னும் திட்டம் வந்தது. அத்தொகையைக் கோரிப் பெறவேண்டிய நிலை எவருக்கும் எழவில்லை. புதிய ஊராட்சி மன்றக் கட்டடத்தை 1975இல் ஆஸ்டினை நோக்கிய கிழக்குப் பகுதியிலேயே திறந்தனர். ஓடப்போவதில்லை என்பதைச் செங்கல்லால் எழுதிவிட்டனர்.

இதில் நம்மை உறுத்தும் அம்சமும் உண்டு. மையத்தை நாடி வந்த வெள்ளையரைக் கிழக்குப் பகுதி வீடுகளையும், கறுப்பினத்தவரைப் பிற பகுதி வீடுகளையும் பார்க்குமாறு ஊக்குவித்தனர். கட்டளை அன்று, யோசனைதான். ஆயினும் நிறம் பார்க்காதே என்று போராடியோர் நிறம் பார்த்தே வழிகாட்டினர். அக்காலத்திலேயே இதைக் கண்டித்தோர் உண்டு. அவர்கள் கண்டனத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. எனினும் சாலைக்கு அப்பால் ஆஸ்டின் கண்முன் நின்றது. வேறு உபாயம் அப்போது எவரிடமும் இருந்ததாகவும் தெரியவில்லை.

2000ஆம் ஆண்டில் ஓக் பார்க்கின் மக்களில் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்று மேற்பட்டோர் கறுப்பினத்தவர், வெள்ளையரும் தங்கியிருந்தனர். ஜூலியன் 1975இல் காலமானார். ஊரின் நடுநிலைப் பள்ளி ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஊரின் உயர்நிலைப் பள்ளியைப் பற்றி, அவ்வூரிலேயே வாழும் ஸ்டீவ் ஜேம்ஸ் 2018இல் ஒரு தொடர்ப்படம் வெளியிட்டார். ஒரே வாயில் வழியே நுழையும் வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும், மணி அடித்ததும் பெரும்பாலும் வெவ்வேறு வகுப்பறைகளுக்குப் பிரிந்து செல்வதை அதில் காணலாம்.