மூலிகைக் கட்டிலும் வலிய கப்பித்தானும்

அரசரை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமார் கதை சென்ற வாரத்தோடு முடிந்தது. இனி திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவை வீட்டுக்குள்ளிருந்து எதிர்க்க ஆளில்லை. 1750 ஜனவரியில் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்த திருப்படித்தானத்தை நோக்கிப் போகிறோம். போகும் வழியில் பத்மநாபபுரம் கொட்டாரத்துக்குள் ஒரு நடை போய்விடுவோம்.

பொன்னையும் வைரத்தையும் தேடிப் பத்மநாபபுரத்துக்குப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார். அங்கே செல்வம் என்பது தேக்கும் பலாவும் சுண்ணாம்பும்தான். பூமுகத்து மேற்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. அங்கே தொங்கும் குதிரைவீரன் விளக்கை எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அப்படியே நிற்கும். மாடியில் மந்திரசாலை. மரச்சட்டங்களின் இடுக்கு வழியே காற்றும் அரைவெளிச்சமும் வரும். தரை கருங்கண்ணாடிபோல் மின்னும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை அது. வெளியூர்ப் பளிங்கை இறக்கி எழுப்பிய மாளிகைகளைவிட, வேளிமலை அடிவாரத்தில் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு தச்சர்கள் கட்டிய இந்த வீடே உயர்ந்தது என்பேன்.

உப்பரிகை மாளிகை நான்கு நிலை. அடியில் கருவூலம், அதற்கு மேல் அரசர் படுக்கை, உச்சியில் சுவர் நிறைய ஓவியங்களோடு பத்மநாபனுக்கென்றே விட்ட அறை. படுக்கையறைக் கட்டில் 60-க்கும் மேற்பட்ட மூலிகை மரங்களால் ஆனது. டச்சுக்காரர்கள் கொடுத்தது என்பார்கள். மிளகுக்காக மலையாளக் கரையையே மிரட்டிய கம்பெனி, திருவிதாங்கூர் அரசருக்குக் கட்டில் செய்து கொடுத்ததா? அதற்குக் குளச்சல்தான் பதில்.

1741-இல் டச்சுப் படை குளச்சலில் இறங்கியது. மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்கள், கடலிலிருந்து பார்த்தவன் துப்பாக்கிப் படை என்று நம்பினான் என்று அந்தக் கரையில் சொல்வார்கள். முற்றுகைக்குள் சிக்கிய டச்சுக்காரர்களின் வெடிமருந்தில் தீப்பற்றி அரிசியும் எரிந்தது. ஆகஸ்டில் சரணடைந்தார்கள். அவர்களுள் ஒருவர்தான் டி லனாய்.

என்னை ஆட்டிப் படைக்கிற மனிதர் இவர். அப்போது வயது 25. கைதியாக வந்தவரைக் கொல்லாமல் தம் படைக்கே பயிற்சி கொடுக்க வைத்தாரே, அங்கேதான் மார்த்தாண்ட வர்மாவின் கூர்மை தெரிகிறது. பிள்ளைமார் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் விற்ற அதே அரசர்! அந்தக் கொடுமையை எந்த வெற்றியும் கழுவாது. ஆனால் ஆளை எடைபோடுவதில் அவருக்கு இணை அந்தக் காலத்தில் இல்லை. உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலை எழுந்தது. கொச்சி எல்லையில் பின்னாளில் திப்புவின் படையைத் தடுத்த நெடுங்கோட்டையும் டி லனாய் வழிகாட்டிக் கட்டியதுதான். கைதி, ‘வலிய கப்பித்தான்’ ஆனார்.

அவரோடு பேசிப் பழகித்தான் அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை கிறிஸ்தவரானார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் என்று பெயர் கொண்டார். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அரசருக்கு அவ்வளவு வேண்டியவராக இருந்தும் டி லனாயால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் எனக்கு நெஞ்சு பொறுக்காத இடம் இதுதான். 2022-இல் வாட்டிகனில் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார்கள்.

டி லனாய் ஊர் திரும்பவே இல்லை. 1777-இல் உதயகிரியிலேயே இறந்தார். களக்காட்டுப் போரில் மாண்ட மகனும் அங்கேதான் அடக்கம். கப்பித்தானின் கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறது.

பத்மநாபபுரம் பார்த்துவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்புகிறவர்கள், புலியூர்க்குறிச்சியில் இறங்கி அந்தக் கல்லறைக்கும் ஒரு முறை போய்வாருங்கள். திருப்படித்தானம் அடுத்த வாரம்.