பாண்டாக் வடிகட்டிகளின் வரலாறு

பாண்டாக் என்பது எளிய உரைக் கோப்புகளை வலைப்பக்கம், வேர்டு முதலிய வடிவங்களுக்கு மாற்றும் கட்டற்ற மென்பொருள். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மெய்யியல் பேராசிரியர் ஜான் மெக்ஃபார்லேன் 2006-இல் இதை வெளியிட்டார்.

பாண்டாக் உரையை நேரடியாக மாற்றுவதில்லை. இலக்கண வகுப்பில் வாக்கியத்தை எழுவாய், பயனிலை என்று பிரிப்போமல்லவா? அதுபோல ஆவணத்தைத் தலைப்பு, பத்தி, பட்டியல் எனப் பகுத்துக்கொண்டு, பிறகே புதிய வடிவில் எழுதுகிறது. இந்த இடைவெளியில் பயனரின் குறுநிரல் நுழைந்து தலைப்புகளை ஒரு நிலை இறக்கலாம், படங்களை நீக்கலாம். அதுவே வடிகட்டி. ஹாஸ்கெல் மொழியிலுள்ள மூலநிரலைத் தொட வேண்டியதில்லை.

தொடக்கத்தில், பகுத்த ஆவணம் ஜேசன் வடிவில் வெளி நிரலுக்குப் போய்த் திரும்பியது. வேகம் குறைந்தது. பைத்தானில் எழுதிய வடிகட்டி, பைத்தான் இல்லாத கணினியில் ஓடாது. இதுவே பெரிய தொல்லை. 2017-இல் வந்த 2.0 பதிப்பு, பிரேசிலில் பிறந்த லுவா மொழியைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. லுவாவில் ஒருவர் எழுதிய வடிகட்டியை, வேறெதையும் நிறுவாமல், மற்றவரும் பயன்படுத்த முடிந்தது.