பார வண்டி சொல்லித் தந்த பாடம்



காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில் ஓரிக்கையைத் தாண்டினால் பாலாறு. நெல் மூட்டை, வைக்கோல், எரு என்று எல்லாமே ஒரு காலத்தில் இந்தப் பக்கம் மாட்டு வண்டியில்தான் போயிற்று. இன்று அந்தப் பாரத்தையெல்லாம் டிராக்டர் டிரெய்லர் சுமக்கிறது. வண்டி மாறிவிட்டது, பாரத்தின் குணம் மட்டும் மாறவில்லை. அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பாரம் ஏற்றுகிற அறிவு நமக்குப் பழையது. புறநானூற்றில் ஔவையார் பாடல் ஒன்றில் உமணர் எனும் உப்பு வணிகர்கள் வருகிறார்கள். பாரம் பெரிது, எருதுகள் இளசு, வழியெல்லாம் மேடு பள்ளம். ஆகவே வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டே புறப்படுகிறார்கள். மயிலிறகானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவரும் எச்சரித்திருக்கிறார். அன்றைய மனிதருக்கு அச்சுதான் பெரிய கவலை.

உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வண்டியில் மூட்டை அடுக்கும்போது முன்பாரமா பின்பாரமா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். முன்பாரம் ஆனால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் ஆனால் நுகம் மேலே தூக்கி, கழுத்துக் கயிறு இறுகும். அச்சுக்கு மேலே பாரத்தை வைத்து, கொஞ்சம் மட்டும் முன்பக்கம் சாய விடுவதுதான் கெட்டிக்கார வண்டிக்காரரின் கைப்பழக்கம்.

பிறகு இரும்புப் பட்டை போட்ட மரச் சக்கரத்துக்குப் பதிலாகக் காற்றடைத்த டயர் வந்தது. மணலிலும் சேற்றிலும் புதைவது குறைந்தது. அதே ஜோடி மாடு கூடுதல் பாரம் இழுத்தது. ஆனால் இறக்கத்தில் அந்தப் பாரம் மாட்டையே தள்ளத் தொடங்கியது. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என்.எஸ்.ராமசாமி, 1970-களிலேயே மாட்டு வண்டியைச் சீர்திருத்த வேண்டும் என்று ஊர் ஊராக எடுத்துச் சொன்னவர்.

நம் நாட்டில் 1959-ல் பரீதாபாத்தில் ஐஷர் டிராக்டர் வெளிவந்தது. 1960-ல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கி, மாஸி பெர்குசன் டிராக்டர்களைத் தயாரித்தது. உழவுக்கு வாங்கிய டிராக்டர், உழவு இல்லாத நாளில் டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தது.

இங்கேதான் ஒரு பெரிய மாற்றம். பாரம் மிஞ்சினால் மாடு படுத்துவிடும், நகராது. டிராக்டர் அப்படிச் சொல்லாது. டீசல் இருக்கிறவரை இழுக்கும். இழுக்கிற பலம் வேறு, நிறுத்துகிற பலம் வேறு. டிராக்டருக்குப் பெரும்பாலும் பின் சக்கரங்களில்தான் பிரேக். நம் ஊர் டிரெய்லர்கள் பலவற்றுக்குப் பிரேக்கே கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏரி வாரியம் அமைத்து ஏரியைக் காத்ததைக் கி.பி. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டிலேயே எழுதி வைத்த ஊர் உத்திரமேரூர். கோடையில் ஏரி வண்டலை வயலுக்கு அடிப்பது நல்ல வழக்கம். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. காய்ந்த மணலே சுமார் நாலரை டன் வரும். ஈர மண் 5 டன்னையும் தாண்டும். டிராக்டரோ ஏறக்குறைய 2 டன்தான். இரண்டு டன் வண்டியை ஐந்து டன் பாரம் பின்னாலிருந்து தள்ளினால் என்ன ஆகும்? 15 கிலோமீட்டர் வேகத்தை 30 ஆக்கினால் பாரத்தின் உந்து சக்தி இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது.

ஆகவே டிரெய்லர் வாங்கும்போது பெட்டியின் அளவை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் டிராக்டர் எவ்வளவு பாரம் இழுக்கலாம் என்று கம்பெனிப் புத்தகத்தில் பார்த்து, அதற்குள் அடங்குவதை வாங்குங்கள். அச்சு, டயர், வெல்டிங் மூன்றையும் சோதியுங்கள். பிரேக் வைத்த டிரெய்லர் கிடைத்தால், விலை கூடினாலும் அதுவே லாபம்.

இரண்டு சக்கர டிரெய்லருக்குப் பழைய வண்டிச் சட்டம் அப்படியே பொருந்தும். பின்பாரம் ஆனால் டிராக்டரின் பின் சக்கரம் பிடிப்பு இழக்கும். முன்பாரம் மிகுந்தால் முன் சக்கரம் தூக்கும், ஸ்டியரிங் கேட்காது. நான்கு சக்கர டிரெய்லர் பாரத்தைத் தானே தாங்கும். ஆனால் ரிவர்ஸ் எடுக்கப் பழக்கம் வேண்டும்.

டிரெய்லரை அதற்குரிய கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். உயரமான இடத்தில் கட்டி இழுத்தால் டிராக்டர் பின்பக்கமாகக் கவிழும். கொக்கிப் பின்னுக்குக் கிளிப் போட்டு, கூடவே ஒரு சங்கிலியும் கட்டுங்கள். அந்தச் சங்கிலிதான் இன்றைய சேம அச்சு. வயலில் தனித்தனியாக மிதிக்கிற இரண்டு பிரேக் பெடல்களையும் ரோட்டுக்கு வருமுன் ஒன்றாகப் பூட்டிவிடுங்கள். ஒருபக்கம் மட்டும் பிடித்தால் வண்டி இழுத்துக்கொண்டு போகும். இறக்கத்தில் நியூட்ரல் வேண்டவே வேண்டாம். மேலேயே கியரைக் குறைத்துக்கொண்டு இறங்குங்கள். பவர் டில்லரை ஏற்றினால் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டுங்கள்.

பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் கட்டாயம் வேண்டும். வைக்கோலோ கரும்போ அதை மறைக்கக் கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்கும் தனிப் பதிவு எண் உண்டு.

கடைசியாக ஒன்று. டிரெய்லர் சரக்குக்காகச் செய்தது. 2022 அக்டோபர் 1-ல் உத்தரப் பிரதேசம் கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களின் டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். 2024 பிப்ரவரி 24-ல் அதே மாநிலத்தின் காஸ்கஞ்சில் மறுபடியும் அதே போல 20-க்கும் மேற்பட்டோர். திருவிழாவானாலும் கல்யாணமானாலும், நடவுக்குக் கூலி ஆட்களை அழைத்து வருவதானாலும், டிரெய்லரில் ஆட்களை ஏற்றாதீர்கள். 'பக்கத்து ஊர்தானே' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

போதும் என்று சொல்ல அன்று மாடு இருந்தது. இன்று அதைச் சொல்ல வேண்டியவர் ஸ்டியரிங் பிடித்திருக்கிற நீங்கள்தான்.