பஞ்சாலைக் காற்றும் வெப்ப மீட்புச் சக்கரமும்

கோவையைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் பீளமேட்டிலும் சுற்றுப்புறத்திலும் மில்கள் பெருகின. மில்களின் ஆராய்ச்சிக்காக 1956-ல் பீளமேட்டில் 'சிட்ரா' தொடங்கப்பட்டது.

காற்று உலர்ந்தால் பருத்தி நூல் அறும். அதனால் மில்லுக்குள் ஈரம் வேண்டும். 'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல்லே பிறந்தது பஞ்சாலைக்காகத்தான்! 1906-ல் அமெரிக்க மில் பொறியாளர் ஸ்டூவர்ட் கிரேமர் அதை உருவாக்கினார். மில்லின் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்டில் காற்றைத் தண்ணீர்த் தூவலில் கழுவி அனுப்புவார்கள். வெளியே உள்ள வெயிலையும் ஈரத்தையும் பார்த்து, உள்ளிருந்து திரும்பும் காற்றையும் புதுக்காற்றையும் தேவையான அளவில் கலப்பார்கள்.

குளிர்நாடுகளின் கவலை வேறு. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அங்கே வெப்ப மீட்புக் கருவிகள் பரவின. வெளியேறும் வெதுவெதுப்பான காற்று, உள்ளே வரும் குளிர்ந்த காற்றைச் சூடாக்கும். குளிர்காலம் மிதமாகும்போது இந்தச் சேமிப்பு குறைகிறது.

கோவையில் கதை தலைகீழ். இங்கே மீட்கப்படுவது குளிர்ச்சி. வெளியே 38 டிகிரி, உள்ளே 25 டிகிரி, கருவியின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். புதுக்காற்று சுமார் 29 டிகிரியாக உள்ளே வரும். வெளியே 40 ஆனால் கருவி 9.1 டிகிரிக்குப் பதில் 10.5 டிகிரி குறைக்கும். லாபம்தானே என்று தோன்றும். ஆனால் ஏசி குறைக்க வேண்டிய மிச்சமும் 3.9-லிருந்து 4.5 டிகிரியாக ஏறிவிடும்.

இன்னொரு சிக்கல் இரவு. வெளியே உள்ளேயைவிடக் குளிர்ந்திருந்தால் சக்கரத்தை நிறுத்திவிட்டு, வெளிக்காற்றை நேராக உள்ளே விடலாம். அது இலவசக் குளிர்ச்சி. இரவுகள் சூடானால் அந்த மணிநேரங்கள் குறையும். காற்றில் ஈரம் கூடினால் மில்லின் தண்ணீர்த் தூவலும் முன்போல் குளிர்விக்காது. ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே அதனால் போக முடியாது. வியர்வை வழிய நிற்பவர்கள் தொழிலாளர்கள்தான்.

1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது. ஒரு கட்டடம் ஐம்பது ஆண்டு நிற்கும். பழைய வானிலைப் பட்டியலை மட்டும் பார்த்து இயந்திரம் வாங்கினால், நாளைய கோடையை அது சமாளிக்குமா? மருத்துவமனையும் மில்லும் கட்டுகிறவர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி இது.